உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி

நவம்பர் பிறந்தால் என் அத்தைக்குக் கவலையும் பிறந்துவிடும். மத்திய சர்க்கார்ப் பென்ஷன்காரர்கள், தாங்கள் உயிரோடிருப்பதாக அத்தாட்சி கொடுக்க வேண்டிய மாதம் அது. முன்பெல்லாம் ஆளைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். 2014 முதல், மிஷினில் விரலை வைத்தாலே போதும் என்றாகிவிட்டது.

அத்தை வைத்தாள். பொருந்தவில்லை என்றது கம்ப்யூட்டர். புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பத்து விரலுக்கும் அதே பதில்தான். நாற்பது வருஷம் அம்மியிலும் சாம்பலிலும் தேய்ந்த கை; ரேகைக்கு எங்கே போவாள்?

பென்ஷன் நின்றது. மருந்துக்கடையில் கடன் ஏறியது. உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் குரல் சொன்ன எண்களையெல்லாம் அரைமணி நேரம் அழுத்தினேன். அத்தை போனைப் பிடுங்கி, "ஏம்மா, காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாயே, சாப்பிட்டாயா?" என்று விசாரித்தாள்.

"தவறான தேர்வு" என்றது குரல்.

கடைசியில் பாங்கில் ஒரு பையன், முகத்தைக் காட்டினாலும் போதும் என்றான். அந்த வசதி 2021-லேயே வந்துவிட்டதாம். குரல் மட்டும் மூச்சு விடவில்லை. செல்போனை அத்தைக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க, பாட்டி" என்றான்.

பென்ஷன் வந்துவிட்டது. ஆனால், எழுபத்தெட்டு வயதில் ஒரு வாலிபனைப் பார்த்துக் கண் சிமிட்டும்படி ஆயிற்றே என்று வழிநெடுகப் புலம்பிக்கொண்டே வந்தாள்.