வேப்பமரத்தடி ஜீப்

சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு முன்னால், கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டை வாங்கவேண்டும். 1990-இல் வந்த ஏற்பாடு அது. 10 வருஷத்துக்குத்தான் செல்லும். 2023-இல் சின்னக் காருக்கான சீட்டே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அங்கே குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் எனக்குப் பஸ்தான் கதி.

அந்த ஆத்திரமோ என்னமோ, லீவில் ஊருக்கு வந்தபோது திருமயத்தில் ஒரு பழைய ஜீப்பை எண்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். 15 வயசு தாண்டி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டிய கிழம். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி. அதைப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஐப்பசி மழையில் எங்கள் கண்மாய்க்கரைச் சேற்றுக்கு அதுதான் சரி.

வருஷத்தில் பதினைந்து நாள் நான் ஓட்டுவேன். மற்ற நாளெல்லாம் அது வேப்பமரத்தடியில் நிற்கும். கோழி முட்டையிடும். பாட்டரி செத்துப்போகும். ரிப்பேருக்கு அனுப்பிய பணம் வாங்கிய விலையை எப்போதோ தாண்டிவிட்டது.

அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, துடைக்கத்தான் தெரியும்.

"வித்துடலாம்ப்பா" என்றேன் போன வருஷம்.

"இருக்கட்டும் தம்பி. உங்கம்மா போனப்புறம், மகன் வருவானான்னு ஊர்லே கேக்கிறாங்க. நான் பதில் சொல்றதில்லே. ஜீப்பைக் காட்டிடுவேன்" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், புதுப் பாட்டரி வாங்கப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.