ஒன்று, இரண்டு, மூன்று… நான்கு

கோல்ஃப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அபிராமபுரத்தில் குடியிருக்கும் தமிழாசிரியனுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டிலும் கேட்கிறார்கள். காஸ்மோபாலிட்டன் கிளப்பில் உறுப்பினரான நண்பர் ஒருவர், நந்தனத்தில் உள்ள அதன் கோல்ஃப் திடலுக்கு விடுமுறைக் காலைகளில் என்னை விருந்தினனாக அழைத்துச் செல்கிறார். என்னை அங்கே பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு கேள்விதான். ஒருமுறை நேராகப் பறந்த பந்து, அதே இடத்தில் அதே மட்டையோடு நின்று அடித்தாலும் மறுமுறை ஏன் கோணிப்போகிறது?

பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. மட்டையின் முகம் அதைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ விநாடியில் 2000இல் ஒரு பங்கு. மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவாகச் சொல்கிறது தொல்காப்பியம். அந்த ஓர் இமைப்புக்குள் இத்தகைய தொடுகைகள் நூற்றுக்கணக்கில் அடங்கிவிடும். அக்கணத்தில் எதையும் திருத்த இயலாது. பிடி, கால்களின் அகலம், பந்து இருக்கும் இடம், தோள்களின் திசை என எல்லாவற்றையும் முன்பே ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும். பிடி இறுகினால் முன்கையும் இறுகும். மட்டையின் முகம் திரும்பத் தாமதமாகும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்புறமாக வளைந்தோடும்.

இவற்றை எனக்குச் சொல்லித் தந்தவர் நண்பரின் கேடி. காவல் நிலையப் பதிவேட்டின் கேடி அல்லர். மட்டைப் பையைச் சுமந்து உடன் நடப்பவரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அறுபதை நெருங்கும் சைதாப்பேட்டைக்காரர். "கைய நெனைக்காதீங்க சார். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தூக்குங்க, நாலுல வுடுங்க" என்பார். தேர்ந்த ஆட்டக்காரர்களின் வீச்சைப் படச்சட்டங்களாக எண்ணிப் பார்த்தவர்கள் கண்டதும் இதுவே. மட்டை மேலேறும் நேரம், அது இறங்கிப் பந்தைத் தொடும் நேரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

அப்படியானால், ஒரே அசைவை இயந்திரம்போல் திரும்பத் திரும்பச் செய்வதுதான் பயிற்சியா? 1920களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். சுத்தியல் சென்று சேருமிடம் அதிகம் மாறவில்லை. தோளும் முழங்கையும் மணிக்கட்டுமோ அடிக்கு அடி சற்றே வேறுபட்டன. ஒன்றின் பிசகை மற்றொன்று ஈடுசெய்தது. கண்டுபிடித்த விடையைத் திரும்பச் செய்வதல்ல, விடைதேடும் செயலைத் திரும்பச் செய்வதே பயிற்சி என்பது அவர் வந்தடைந்த முடிவு.

கேடிப் பெரியவர் பெர்ன்ஸ்டைனை அறியார். ஆனால் ஒரே மட்டையால் ஐம்பது பந்துகளை வரிசையாக அடிக்க என்னை விடுவதில்லை. ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றச் சொல்வார். அவர் ஆடப் பழகியது, பிறர் கழித்துப்போட்ட, நீளத்திலும் எடையிலும் ஒன்றோடொன்று பொருந்தாத மட்டைகளால். ஒவ்வொரு வீச்சும் அவருக்குப் புதிய கணக்கு. இப்படிப் பை சுமந்தவர்கள்தாம் அலி ஷேரும் முனியப்பாவும். அலி ஷேர் 1991இலும் 1993இலும், முனியப்பா 2009இலும் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார்கள்.

நான் கவலைப்படுவது பந்தைப் பற்றி மட்டும் அல்ல. இருபது ஆண்டுகளாக வெண்பா இலக்கணம் நடத்துகிறேன். அதே வெண்டளை, நாள், மலர், காசு, பிறப்பு என்று முடியும் அதே ஈற்றடி. ஆண்டுதோறும் ஒரே பாடத்தைச் சொல்பவன் ஒருநாள் ஒலிப்பதிவுக் கருவியாகிவிடுவானோ என்ற அச்சம் ஆசிரியர்கள் எல்லாருக்கும் உண்டு. சென்று சேரவேண்டிய இடம் மட்டுமே மாறாதது, வழியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டாக வேண்டும் என்பது அந்த அச்சத்துக்குக் கிடைத்த ஆறுதல். சூன் மாதம் வகுப்பில் வந்தமரும் ஐம்பது முகங்களும் எனக்கு நீளம் தெரியாத மட்டைகள்தாம்.