நிறுத்துக் கொடுத்த வெள்ளி



கடந்த ஆண்டு நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் ஒரு துணிப்பையோடு போதகர் இல்லத்திற்கு வந்தார்கள். இதை எழுத அவர்களே அனுமதித்தார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். பைக்குள் 20 வெள்ளி ரூபாய்கள் இருந்தன. மாமியார் மரிக்குமுன் கையில் கொடுத்தவை. பேத்திக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தில் குறைந்ததை இவற்றை விற்றுச் சரிக்கட்ட வேண்டும். "நான் தனியே போனால் ஏமாற்றிவிடுவார்கள், ஐயா. நீங்கள் கூட வாருங்கள்" என்றார்கள்.

என் தகப்பனார் பழைய நாணயங்களைச் சேர்த்தவர். அதனால் எனக்கும் சிறிது தெரியும். மேசையின்மேல் பரப்பி, ஆண்டுகளைப் பார்த்துப் பிரித்தோம். ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவை 14. மீதி ஆறும் ஆறாம் ஜார்ஜ் தலையுடன் 1942 முதல் 1945 வரை அச்சிடப்பட்டவை. எல்லாம் ஒரே எடைதான், ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். ஆனால் பழைய ரூபாயில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. 1940-இல் யுத்த நெருக்கடியில் அரசாங்கம் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டது. ஆகவே முந்தினதில் ஏறக்குறைய 10.69 கிராம் வெள்ளி, பிந்தினதில் 5.83 கிராம். இதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். 1911-ஆம் ஆண்டு நாணயம் இருக்கிறதா என்றும் தேடினோம். அதில் அரசரின் அங்கியிலுள்ள யானை பன்றியைப்போலத் தோன்றுகிறது என்று ஆட்சேபம் எழுந்ததால் திரும்பப் பெறப்பட்டது. சேகரிப்போர் அதற்குக் கூடுதல் விலை தருவார்கள். எங்களுக்கு அகப்படவில்லை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்று கேட்டார்கள். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்போர் விரும்புவதில்லை, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் முதல் கடையில் அந்த மனிதர் ஒரு நாணயத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "எல்லாம் கறுத்துப்போன கலப்பு வெள்ளி. பாதி எடைக்குத்தான் பணம்" என்றார். 233 கிராமுக்கு 116 கிராம் கணக்கு. வாங்குகிறவன் பொருளைக் குறைகூறிவிட்டு, அப்புறம் போய்ப் பெருமை பேசிக்கொள்வதைக் குறித்து நீதிமொழிகள் 20:14 சொல்லுகிறது. அந்த வசனம் எழுதப்பட்டு எத்தனையோ நூற்றாண்டுகள் சென்றும் கடைவீதி மாறவில்லை. நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளத்தில் ஒரு நீதிமானின் திருப்தி இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

இரண்டாம் கடையில் உரிமையாளரின் மகன் இருந்தான். மேலே இருந்த ஒரு நாணயத்தை உரைகல்லில் உரைத்துப் பார்த்தான். அது 1918-ஆம் ஆண்டு நாணயம். "நல்ல வெள்ளி, ஐயா" என்று சொல்லி, இருபதையும் மொத்தமாகத் தராசில் வைத்து, 213 கிராம் வெள்ளிக்கு விலை போட்டான். கிராம் 100 ரூபாய்.

அந்த ஆறு நாணயங்களும் அடியில் கிடந்தன. 29 கிராம் அதிகம், 2,900 ரூபாய். எனக்குத் தெரியும். நான் பேசவில்லை. பார்த்து வாங்குவது அவன் பொறுப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் கடைக்காரர் செய்ததற்கு இது ஈடு என்றும் தோன்றியது, அவர் வேறு மனிதர் என்பது தெரிந்திருந்தும். பேத்தியின் கட்டணத்தையும் நினைத்தேன். எத்தனை விரைவாக இத்தனை நியாயங்கள் வந்து சேர்ந்தன!

ஆபிரகாம் மக்பேலா நிலத்திற்குக் கொடுத்த வெள்ளி எண்ணப்பட்டதல்ல, நிறுக்கப்பட்டது. ஆதியாகமம் 23-ஐ வைத்து நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

அம்மாதான் பேசினார்கள். "தம்பி, இதில் ஆறு காசு வேற. ஐயா நேற்றே சொன்னாங்க. ஆண்டைப் பார்த்து எடுத்துக்கொள்." என்னைச் சாட்சியாகக் காட்டி, முழு நம்பிக்கையோடு சொன்னார்கள். நான் வாயைத் திறக்காமல் நின்றதை அவர்கள் கவனிக்கவேயில்லை. இளைஞன் தகப்பனாரை அழைத்தான். பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தனித்தனியே நிறுத்து, 184 கிராமுக்குரிய பணத்தை ஒரு ரூபாய் குறைக்காமல் எண்ணிக் கொடுத்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா நோட்டுகளை இரண்டுமுறை எண்ணினார்கள். "நீங்கள் வந்ததால்தான் ஐயா நியாயமான விலை கிடைத்தது" என்றார்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான், அவர்கள் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபின், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, காப்பி ஆறுகிறது என்றார்கள்.

கட்டணத்தில் குறைந்த 3,000 ரூபாயைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கடனாக வாங்கினார்கள். மாதம் 500 ரூபாயாக, ஆறு மாதத்தில் அடைத்தும்விட்டார்கள்.