“வெறும் டிரிப்ஸ்தானா டாக்டர்?”

ராத்திரி பதினொரு மணிக்கு மேல்வயிற்றில் வலி ஆரம்பித்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் அவருக்கு இன்னும் 40 வயதாகவில்லை. “கேஸா இருக்கும்” என்று சோடா குடித்தார், மாத்திரை போட்டார். வலி முதுகுவரை பாய்ந்தது. படுக்க முடியவில்லை, முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்க முடிந்தது. வாந்தியும் நிற்கவில்லை. விடிவதற்குள் மனைவி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டார்.

ரத்தத்தில் லைபேஸ் அளவு, இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்குக்கும் மேல். “கணையம் திடீர்னு வீங்கியிருக்கு” என்றார் டாக்டர். ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ் ஏறியது. வலிக்கு ஊசி போட்டார்கள். சிறுநீரை அளக்க ஒரு பை. அவ்வளவுதான்.

மனைவிக்கு மனசு ஆறவில்லை. “வெறும் டிரிப்ஸ்தானா டாக்டர்? ஆபரேஷன், ஆன்டிபயாடிக் எதுவும் வேணாமா?”

“சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீர், கணையத்தையே அரிக்குதும்மா. அந்த வீக்கத்துல ரத்தக்குழாய்ல இருக்கிற நீர் வெளியே கசியும். கிட்னிக்கு ரத்தம் குறையாமப் பார்த்துக்கணும். இப்ப டிரிப்ஸ்தான் மருந்து. கிருமித் தொற்று இல்லாதப்போ ஆன்டிபயாடிக் எதுக்கு?”

“அப்ப வேகமா ஏத்துங்களேன்!”

டாக்டர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஏற்றினார்கள். இந்தியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ நாடுகளில் 249 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. வேகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவிகிதம் பேருக்கு உடம்பில் நீர் அதிகமாகிச் சிக்கலானது. அளவாக ஏற்றியவர்களில் 6.3 சதவிகிதம்தான். வேகமாக ஏற்றியதால் நோயின் தீவிரமும் குறையவில்லை. அதனால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இப்போது நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு பார்த்துப் பார்த்துத்தான் டிரிப்ஸைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

மறுநாள் வாந்தி நின்றது. “பசிக்குதுன்னா இட்லி கொடுங்க” என்றார் டாக்டர். நாள்கணக்கில் பட்டினி போடும் வழக்கமும் மாறிவிட்டது.

ஸ்கேனில் பித்தப்பைக் கல் இல்லை. கல் இருந்திருந்தால் பித்தப்பையை எடுத்துவிடலாம். “குடிப்பீங்களா?” என்று முதல் நாள் கேட்டபோது, மாமியார் பக்கத்தில் நின்றதால் “எப்பவாச்சும்” என்றிருந்தார். மனைவி இட்லி வாங்கப் போன நேரத்தில் டாக்டரைக் கூப்பிட்டார்.

“தினமும் குடிப்பேன் சார்.”

“இதை நேத்தே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை. விடலைன்னா இந்த வலி திரும்ப வரும். விடுறதுக்கு நாங்க உதவி பண்றோம். வீட்லயும் சொல்லிடுங்க.”

இட்லிப் பொட்டலத்தோடு மனைவி வந்தார். அவர் சாப்பிடவில்லை.

“முதல்ல உக்காரு. ஒண்ணு சொல்லணும்.”