பாவலர் சகோதரர்கள்: ஒரு பாட்டுக் குழுவின் கதை



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவர், இப்போது இரு பிள்ளைகளுக்குத் தகப்பனார், போனில் கேட்டார்: "ஐயா, இளையராஜா சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஏதாவது குழுவுல வாசிச்சாரா?" வாசித்தார். அந்தக் குழு நம் மாவட்டத்துக் குழு. தேனி தனி மாவட்டமாகும் முன் பண்ணைப்புரம் மதுரை மாவட்டத்தில்தானே இருந்தது!

குழுவின் பெயர் பாவலர் சகோதரர்கள். மூத்தவர் பாவலர் வரதராஜன். பிறகு பாஸ்கர், ராஜா, கடைக்குட்டி அமரன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார்கள். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, அதில் கூலி, விலைவாசி, வறுமை என்று சொற்களை மாற்றிப் போடுவார் பாவலர். கேட்டவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் பாட்டு மனப்பாடமாகிவிடும். பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல போதனா முறை கிடையாது.

1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். அரசு அமைந்தபோது பெரும்பான்மை மிகக் குறைவு. அதனால் 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் பெரிய பரீட்சை ஆனது. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். பாவலர் மலையேறிப் போய்ப் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார்.

ராஜா குழுவில் சேர்ந்தபோது வயது 14. முதலில் பெண் குரல் பாடினார். குரல் உடைந்ததும் அந்த வேலை தம்பி அமரனுக்குப் போனது; ராஜா ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். ஏறத்தாழ பத்து வருடம் ஊர் ஊராக அலைந்தார்கள். என் தாய்மாமா சொல்வார்: "பாட்டு முடிஞ்சதும் பாதிக் கூட்டம் எந்திரிச்சிரும்டா, பேச்சாளர் பாடு திண்டாட்டம்தான்."

பிறகு குழு கலைந்தது. சண்டையால் அல்ல. மேடைப் பாட்டில் புகழ் உண்டு, சோறு போதாது. 1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பியதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டுகளைக் கேட்டபோது நான் பள்ளி மாணவன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள், "அட, பாவலர் தம்பியா!" என்றார்கள்.

அந்த வெற்றியைப் பார்க்கப் பாவலர் இல்லை. அதற்குள் காலமாகிவிட்டார். பிற்காலத்தில் இளையராஜாவும் கங்கை அமரனும் பல வருடம் பேசாமல் இருந்து, 2022-ல் மீண்டும் சேர்ந்ததை எல்லோரும் படத்தோடு பார்த்தோம். அண்ணன் தம்பி மனஸ்தாபம் எந்த வீட்டில் இல்லை? இதைப் படிக்கும் உறவுகள் சிலருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒரு போன் போட்டால் குறைந்துவிட மாட்டோம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. தம்பியின் ஆயிரக்கணக்கான பாட்டு நம் கைப்பேசியில் இருக்கிறது. அவரைக் கைபிடித்து மேடையேற்றிய அண்ணனின் குரலை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மேடையில் பாடிய பாட்டு காற்றோடு போய்விடும், கேட்டவர் நெஞ்சில் மட்டும்தான் தங்கும். அந்த நெஞ்சங்களுக்கும் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.

கம்பம், போடி, உசிலம்பட்டி, மூணாறு பக்கம் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்குப் பாவலர் பாட்டு இரண்டு வரி நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் போனில் பதிவு செய்து, ஊர் பெயரையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். ராகம் தப்பினாலும் பரவாயில்லை. இதற்கு மார்க் குறைக்க மாட்டேன்.