லோடு இல்லாத சத்தம்

அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றித் திண்ணையில் வைத்தார். "ஸ்டாண்டுல நிக்கிற வண்டிடா இது. லோடு இல்ல" என்றார்.

நான் போட்டுக் காட்டியது அவருடைய சொந்த வண்டியின் சத்தத்தைத்தான். 1995-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100. முந்தைய மாதம் விருத்தாசலம் வந்திருந்தபோது, அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, சைலன்சருக்குப் பக்கத்தில் மைக் வைத்துப் பதிவு செய்தேன். சென்னைக்குக் கொண்டுபோய் லேப்டாப்பில் வெட்டி ஒட்டி, நாலு கியரும் மாறி வண்டி எண்பதுவரை போவதுபோல நாற்பது நொடிக்கு ஒரு சத்தம் தயார் செய்தேன். ஆபீஸில் கேட்ட ஆறு பேரும் கைதட்டினார்கள். அப்பாவுக்குப் பத்து நொடி போதுமாக இருந்தது.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் இது விளங்கும். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு மென்பொருளுக்கு வந்தவன் நான். எலக்ட்ரிக் கார்களுக்கு மென்பொருள் எழுதும் குழு ஒன்றில் இருக்கிறேன். ஆக்சிலேட்டரை இவ்வளவு மிதித்தால் மோட்டார் இவ்வளவு இழுக்க வேண்டும் என்ற கணக்கு என் பக்கம். இரண்டு வருடமாக அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 'ஸ்போர்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம் வர வேண்டும். இல்லாத இன்ஜினுக்கு.

சிரிக்க வேண்டாம், உலகமே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஹூண்டாய் 2023-இல் கொண்டுவந்த ஐயானிக் 5 என் என்ற எலக்ட்ரிக் கார், இல்லாத எட்டு கியர்களை மாற்றிக் காட்டும். ஒவ்வொரு 'கியருக்கும்' மோட்டாரின் இழுவையை ஒரு கணம் வெட்டி, ஒரு குலுக்கு குலுக்கி, சத்தமும் போடும். 2024 நவம்பரில் சென்னையில் மேடை போட்டு மகிந்திரா அறிமுகப்படுத்திய எலக்ட்ரிக் கார்களுக்கு ஒலிகள் அமைத்துக் கொடுத்தவர் ஏ.ஆர்.ரஹ்மான்.

காரணம் ரொம்ப எளிது. வேகம் மலிந்துவிட்டது. நான் காலேஜில் படித்த காலத்தில் நாலு நொடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டுமென்றால் போர்ஷே, ஃபெராரி என்று சுவரில் ஒட்டிய போஸ்டர்களைத்தான் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் இங்கே விற்பனைக்கு வந்த பிஒய்டி சீல் காரின் உச்ச மாடல், பாட்டியைப் பின்சீட்டில் உட்காரவைத்து திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போகக்கூடிய நாலு கதவுக் குடும்பக் கார், 3.8 நொடியில் நூறைத் தொடுகிறது. வந்தபோது விலை 53 லட்சம். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் போஸ்டர் கார்களின் கோடிகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

வேலை காரணமாக அந்த ரகத்துக் கார் ஒன்றை டெஸ்ட் டிராக்கில் ஓட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதல் முறை மிதித்தபோது வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது, வாய்விட்டுக் கத்தினேன். ஐந்தாவது முறை மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கார் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஐந்து முறையும் அதே 3.8.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஜெர்மனியில். ஆன்சைட் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். இரண்டே சீட், துணிக்கூரை, 1.5 லிட்டர் இன்ஜின். நூறைத் தொட எட்டு நொடிக்கு மேல் ஆகும். நம்மூர் டர்போ எஸ்யூவி ஒன்று பக்கத்தில் நின்றால் விட்டுக்கொடுக்காமல் கூடவே வரும். ஆனாலும் அன்று மலைப்பாதையில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுவதற்காகவே தேவையில்லாத இடத்திலெல்லாம் வேகத்தைக் குறைத்தேன். முகத்தில் ஒட்டிய இளிப்பு ராத்திரி பல் தேய்க்கும்வரை போகவில்லை. 1989-இல் முதல் எம்எக்ஸ்-5 வந்தபோதே சுமார் 115 குதிரைசக்திதான். குதிரையும் ஆளும் ஒரே உடம்பு என்ற ஜப்பானியச் சொல் ஒன்றைக் குறிக்கோளாக வைத்துக்கொண்டு செய்தார்கள். இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது அதுதான். இந்தியாவுக்கு வரவில்லை. வந்திருந்தால் நம் வேகத்தடைகளில் அடி தட்டியே செத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒரு எக்செல் ஷீட்டில் இரண்டு கார்களையும் வைத்தால் எம்எக்ஸ்-5 எல்லா வரிசையிலும் தோற்கும். அப்படியானால் அந்த இளிப்பு எந்த வரிசையில் இருந்தது? 'எமோஷன்' என்று ஒரு வரிசை சேர்த்துக்கொள்வது எங்கள் மீட்டிங்குகளின் வழக்கம். பெர்ஃபார்மன்ஸ் ஒரு பக்கம், எமோஷன் ஒரு பக்கம். முதலாவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும், இரண்டாவதை ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். நானும் அதை நம்பித்தான் அப்பாவின் வண்டிக்கு மைக் வைத்தேன்.

அப்பாவின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விருத்தாசலம் என்றால் இலக்கிய நண்பர்களுக்குப் புதுமைப்பித்தனின் இயற்பெயர். "அவர் உங்க ஊரா?" என்று கேட்பார்கள். (இல்லை. ஆனால் பிறந்தது பக்கத்தில் திருப்பாதிரிப்புலியூரில்.) மற்றவர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில், இல்லாவிட்டால் ரயில் மாறும் ஜங்ஷன். எங்களுக்கு அது பீங்கான் ஊர். நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது, நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண் இருக்கிறது, செராமிக் டிப்ளமோ சொல்லித்தர அரசுக் கல்லூரி இருக்கிறது. பொம்மைகள், அகல்விளக்குகள், பழைய வீடுகளின் மெயின்போர்டில் பார்த்திருப்பீர்களே, வெள்ளை ப்யூஸ் கேரியர், எல்லாம் இங்கே சூளையில் வெந்து வருபவை. அப்பா தனியார் சூளை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். கடைசிப் பத்து வருடம் அவர் வேலை தட்டிப் பார்ப்பது.

சூளையிலிருந்து இறங்கிய சரக்கில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டுவார். நல்லதென்றால் 'டங்' என்று ஒலி நீண்டு அடங்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் 'டொக்'. அவ்வளவுதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதே வெள்ளை, அதே பளபளப்பு. ஆனால் விரிசல் உள்ளது மழைக்காலத்தில் ஈரம் குடித்து மின்சாரத்தை விட்டுவிடும். ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கில் தட்டுவார். பேசிக்கொண்டே, பீடி இழுத்துக்கொண்டே. கைக்கு எது வந்தாலும் தட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கல்யாணத்துக்கு எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரைத் தட்டிவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினார்.

அந்தக் காதுதான் ஆர்எக்ஸ் 100-ஐயும் ஓட்டியது. இந்தியாவில் 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைசக்தி, எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். ஏழைகளின் ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் சொன்னால் மிகை என்பீர்கள், பரவாயில்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியேறும் வழியை மூட வால்வு கிடையாது. புதுக் கலவை உள்ளே வரும்போது அந்த வழியும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், அதனால் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். சைலன்சர் குழாயின் வடிவம் ஒரு அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, ஓடியதைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளும். அந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேர்வது இன்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டும்தான். அதுவரை வண்டி சோம்பலாக உருளும். அங்கே போனதும் சத்தம் மாறும், டேங்க் தொடையில் அதிரும், வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும். சின்ன வயதில் அந்த டேங்க்கின் மேல் உட்கார்ந்து மணிமுத்தாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, அந்த இடம் வரப்போகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

இன்ஜினியர் கண்ணில் பார்த்தால் அது ஒரு கோளாறு. இழுவை சமமாக இல்லை, எரிபொருள் வீண், புகை. புகைக்கட்டுப்பாட்டு விதிகள் அந்த வகை வண்டிகளையே சாலையிலிருந்து அனுப்பிவிட்டன, அதில் தப்பொன்றும் இல்லை. என் வேலையே அப்படிப்பட்ட மேடுபள்ளங்களை நிரவுவதுதான். பெடலிலிருந்து வரும் சிக்னலை வடிகட்டி வடிகட்டி, குலுங்காமல், திடுக்கிடாமல், பாலாடைபோல இழுக்க வைக்கிறோம். நிரவி முடித்த பிறகு, அய்யோ உணர்ச்சி இல்லையே என்று ஸ்பீக்கரை மாட்டுகிறோம்.

"லோடு இல்ல" என்று அப்பா சொன்னதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின்சக்கரம் காற்றில் சுற்றுகிறது. இன்ஜின் எதையும் இழுக்கவில்லை. சுருதி ஏறுகிறது, ஆனால் பாரம் தூக்குபவனின் முக்கல் அதில் இல்லை. எங்கள் காரிலும் அதே தப்பு. மோட்டாரின் சுழற்சி வேகத்தோடு மட்டுமே சத்தத்தைக் கட்டியிருந்தோம். சென்னை போனதும் இழுவையையும் அதோடு கோத்தேன். மேட்டில் ஏறும்போது தொண்டை கனத்தது, பெடலை விட்டதும் தளர்ந்தது. மேலே இருப்பவர்கள் மகிழ்ந்தார்கள். மறுபடி அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"இப்ப லோடு இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பிளக்ல கரி புடிச்சா இதுல தெரியுமா?" என்று கேட்டார்.

"இதுல பிளக்கே கிடையாதுப்பா."

"செயின் லூசானா?"

"செயினும் கிடையாது."

"அப்பறம் என்னாத்துக்குடா கத்துது?"

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் செய்த சத்தம் நாங்கள் சொல்ல நினைத்ததை மட்டும்தான் சொல்லும். அப்பா தட்டிய பீங்கான் அப்படி இல்லை. அதைச் செய்தவன் மறைக்க விரும்பியிருக்கக்கூடியதையும் அது சொன்னது. ஜெர்மனியில் அந்தச் சின்ன கார் பின் டயர் எப்போது நழுவப் பார்க்கிறது என்பதை என் இடுப்பில் சொன்னது, நான் கியர் மாற்றியது அரைகுறை என்பதை உள்ளங்கையில் சொன்னது. பாராட்டு மட்டும் அல்ல, குற்றப்பத்திரிகையும் வாசித்தது. டெஸ்ட் டிராக் கார் எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது.

யமஹாக்காரர்களுக்கு இது தெரியும் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரே 1887-இல் ஒருவர் ரீட் ஆர்கன் ஒன்றைப் பழுதுபார்த்ததில் தொடங்குகிறது. லோகோவில் இருப்பது மூன்று இசைக்கவைகள். லெக்சஸ் எல்எஃப்ஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரின் பத்து சிலிண்டர் இன்ஜினில் அவர்கள் கை உண்டு. அதன் சத்தத்தை ஸ்பீக்கர் வைத்துக் கூட்டவில்லை. இன்ஜின் மூச்சு வாங்கும் ஒலியையே வழி அமைத்து உள்ளே கொண்டுவந்தார்கள். 2010 முதல் 2012 வரை 500 கார்கள் மட்டும். விலை மூன்றே முக்கால் லட்சம் டாலர். அதில் கால் பங்குக்கும் குறைவாக விற்ற நிசான் ஜிடி-ஆர் வேகத்தில் அதற்குச் சளைத்ததில்லை. அன்றைக்கு எல்எஃப்ஏவைப் பைத்தியக்காரத்தனம் என்றவர்கள் உண்டு. இன்று அந்தச் சத்தத்தைக் கேட்க யூடியூபில் லட்சக்கணக்கானவர்கள். நான் மட்டுமே நூறு முறையாவது கேட்டிருப்பேன், ஹெட்ஃபோனில், லோடு இல்லாமல்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. போன வருடம் பாலக்கரையில் ஷேர் ஆட்டோ ஒன்று திடீரென்று திரும்பியபோது, அப்பா பிரேக்கை முழுதாகப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. முன்னும் பின்னும் டிரம் பிரேக், முப்பது வருடத்து வண்டி. தோள்பட்டை எலும்பு விலகி, ஆறு வாரம் கட்டு. "சத்தம்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பிரேக் எங்க?" என்று ஆஸ்பத்திரியில் அம்மா கேட்ட கேள்விக்கு நானும் அப்பாவும் தரையைப் பார்த்தோம். மறுவாரமே ஓசூரில் செய்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். டிஸ்க் பிரேக். சிக்னலில் ஆர்எக்ஸ் 100-ஐத் தயங்காமல் முந்தும். அப்பாவுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, சந்தைக்கும் பேங்க்குக்கும் அதில்தான் போகிறார். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது மட்டும் "ஆன் ஆயிடுச்சா?" என்று யாரையாவது கேட்கிறார்.

வண்டியை விற்றுவிடலாம் என்று அம்மாவும் நானும் முடிவு செய்திருந்தோம். நல்ல விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவந்து வைத்தார், அதற்கு இந்த வருடம் புதுப்பிக்கும் முறை. புதுப்பித்துக் கொடுத்தால்தான் வாங்குபவனுக்கு மரியாதை என்றார். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும்.

காலையில் புது பிளக் போட்டார். போடுமுன் அதன் வெள்ளைப் பகுதியை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துப் பார்த்தார். "இது அலுமினா. நாம சுடறத விட இதுக்குச் சூடு அதிகம் வேணும்" என்றார். பிரேக் ஷூவும் புதிது, மெக்கானிக்கை உட்காரவைத்து நானே மாற்ற வைத்தேன். இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. நான் ஓட்டுகிறேன் என்றேன், கேட்கவில்லை. அம்மா வாசலில் நின்று, "பின்னாலயே போடா" என்றார்.

ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். நீலப்புகை, எரிந்த ஆயில் வாசம். இடது தோள் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. பாலம் வந்தது. சத்தத்தை வைத்தே மூன்றாவது கியர் என்று தெரிந்தது, இன்னும் கொஞ்ச தூரத்தில் அந்த இடம் வந்துவிடும் என்பதும். கையை லேசாக முறுக்கினால் நான் அவரைத் தாண்டிப் போய்விடலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.