புளியரை ஏற்றமும் மூன்று பார் அழுத்தமும்

குற்றாலம் சீசன் என்றதும் எல்லோருக்கும் சாரலும் அருவியும்தான் ஞாபகம் வரும். தென்காசியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஞாபகம் வருவது வேறு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்... அந்த மூன்று மாதம் ஓடினால்தான் மீதி வருஷத்துக்கு இன்சூரன்ஸ், எஃப்சி, டயர், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம். அப்புறம் கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சவாரி கொஞ்சம் வரும். சீசனில் வண்டி நான்கு நாள் படுத்தால் அந்த வருஷக் கணக்கே படுத்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு டிரைவரின் கதை இது. அவருடையது பழைய பெட்ரோல் கார், இஞ்செக்‌ஷன் எஞ்சின். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கே சுற்றினாலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் செங்கோட்டை தாண்டி, புளியரையில் இருந்து ஆரியங்காவுக்கு மலை ஏறும்போது மட்டும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி போகாது, வெட்டி வெட்டி இழுக்கும். ஒரு நாள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போனபோது எஸ் வளைவிலேயே நின்றுவிட்டது. பின்னால் சரக்கு லாரி, உள்ளே கைக்குழந்தை. லாரிக்காரர் சமாளித்து நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. சவாரிக்கு வந்தவர்கள் பாதியில் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போனார்கள். காசு கேட்க டிரைவருக்கு வாய் வரவில்லை.

ஸ்டாண்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அதில் ஒன்று, "பெட்ரோல் பிரஷர் பத்தல. ஸ்க்ரூ வச்ச ரெகுலேட்டர் கிடைக்கு. வாங்கி மாட்டி ரெண்டு சுத்து ஏத்தி விடு, பறக்கும்!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கார்புரேட்டர் வண்டிகளை எல்லோரும் அப்படித்தானே சரி செய்தார்கள்? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, காதைத் தீட்டிக்கொண்டு, அரைச் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் இருந்து 1998-ல் சான்ட்ரோ வந்தபோதே அதில் இஞ்செக்‌ஷன் எஞ்சின். 2000-ல் மாருதி 800-க்கும் அது வந்துவிட்டது. எஞ்சின் மாறிவிட்டது, நம் கைப்பழக்கம் மட்டும் இன்னும் அந்த ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டே இருக்கிறது!

டிரைவர் பட்டறைக்குப் போனார்.

"அண்ணாச்சி, ரெகுலேட்டர் மாட்டி பிரஷரைக் கூட்டிரலாம்னு சொல்லுதாங்க."

"கூட்டலாம் தம்பி. இப்ப எம்புட்டு இருக்கு?"

"தெரியலையே."

"எம்புட்டு இருக்குன்னே தெரியாம எதைப்பா கூட்டப் போற?"

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

இஞ்செக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோலை அளந்து கொடுப்பது கம்ப்யூட்டர். ஆனால் அது பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. இஞ்செக்டர் வாயை இத்தனை மில்லி செகண்ட் திறந்து வைத்தால் இவ்வளவு பெட்ரோல் போகும் என்பது அதன் கணக்கு. அழுத்தம் கம்பெனி வைத்த அளவில் நிற்கிறது என்று நம்பித்தான் அந்தக் கணக்கே. பெரும்பாலான பழைய பெட்ரோல் கார்களில் அழுத்தத்தைப் பார்க்க சென்சார் கிடையாது. மளிகைக் கடையில் எடைக்கல் ஒரு கிலோ என்று நம்பி நிறுக்கிற மாதிரி. கல்லைத் தேய்த்துவிட்டால் தராசு நேராக நிற்கும், சரக்கு தப்பாகப் போகும்.

பல வண்டிகளில் அந்த அளவு மூன்று பார் சுமார். அதை நான்கு ஆக்கினால் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். இது வர்க்கமூலக் கணக்கு, ஏறக்குறைய 15 சதவீதம்தான் கூடும். புகை வெளியேறும் பைப்பில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கவனித்து, கம்ப்யூட்டரிடம் சொல்லி, இஞ்செக்டர் திறக்கும் நேரத்தைக் குறைத்துவிடும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. தாண்டினால் செக் எஞ்சின் விளக்கு எரியும். ஆக, பணம் செலவழித்து ஒரு பிழையைப் போட்டு, அதைத் திருத்த கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதுதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. ரெகுலேட்டர் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அதை உண்டாக்குவது டேங்குக்குள் இருக்கிற பம்ப். பம்ப் தள்ளுவதில் மிச்சத்தை டேங்குக்குத் திருப்பி அனுப்பி அளவை நிறுத்துவது மட்டும்தான் ரெகுலேட்டரின் வேலை. மலை ஏறும்போது வருவதே பற்றாக்குறை என்றால் திருப்பி அனுப்ப ஒன்றும் இருக்காது, ரெகுலேட்டர் ஏற்கெனவே மூடித்தான் கிடக்கும். அருவியில் தண்ணீரே இல்லாத ஏப்ரல் மாதத்தில் மடையை அடைத்து என்ன பிரயோஜனம்?

அண்ணாச்சி கேஜை எடுத்தார். பைப்பைக் கழற்றும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டார். பேட்டரி நெகட்டிவ் வயரையும் கழற்றினார். எஞ்சினை நிறுத்தினாலும் பைப்புக்குள் அழுத்தம் அப்படியே நிற்கும், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீச்சினால் கதை முடிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவரின் பீடி முதலில் வெளியே போனது, அப்புறம் அவரும் :-)

கேஜை மாட்டி, கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டி ஸ்டார்ட் செய்தால், ஐடிலில் இரண்டரை பார். ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் மூன்று. அந்த மாடலுக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். குழாய்க்குள் பெட்ரோல் வாடையும் இல்லை. வாடை இருந்திருந்தால் ரெகுலேட்டரின் உள்சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் வழி புதிது மாற்றுவதுதான். (ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் இந்தக் குழாயும் கிடையாது, எஞ்சின் பக்கம் வந்து போகும் அழுத்தமும் இப்படி ஏறி இறங்காது.)

எல்லாம் சரியாக இருக்கிறதே என்று டிரைவருக்கு முகம் வாடிவிட்டது.

"இங்க நின்னுக்கிட்டு பார்த்தா சரியாத்தான் காட்டும் தம்பி. நோவு மலையிலலா?"

கேஜின் குழாயை பானெட்டுக்கு வெளியே விட்டு, கேஜை முன் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டினார். பெட்ரோல் குழாய் எக்காரணம் கொண்டும் வண்டிக்குள் வரக்கூடாது. இரண்டு பேரும் புளியரைக்குக் கிளம்பினார்கள். சமதளத்தில் முள் ஆடவே இல்லை. ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் மூன்றைத் தொட வேண்டிய முள் இறங்கத் தொடங்கியது. இரண்டுக்கு வந்ததும் வெட்டல் ஆரம்பித்தது. இரண்டு பார் என்றால் வர வேண்டிய பெட்ரோலில் சுமார் 82 சதவீதம்தான் வருகிறது. எஞ்சின் பட்டினி. அப்படியே தொடர்ந்து ஓட்டினால் நாக் அடித்து பிஸ்டன் வரை போகும்.

திரும்பி வந்து ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாகக் கொட்டியது. டேங்குக்குள் பம்பின் அடியில் இருக்கும் சல்லடையிலும் அதே கசடு.

"ஃபில்டர் எப்ப மாத்துன?"

பதில் இல்லை.

"எப்பவும் ரிசர்வுலயே ஓட்டுவியோ?"

அதற்கு மட்டும் பதில் வந்தது. "சவாரிக்கு சவாரி அட்வான்ஸ் வாங்கித்தான் அண்ணாச்சி பெட்ரோல் போடுதேன். டேங்க் நிறைக்க எங்க போவேன்?"

டேங்குக்குள் இருக்கும் பம்புக்குக் குளிர்ச்சியே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். அடிமட்டத்திலேயே ஓட்டினால் பம்பும் சூடாகும். வண்டியின் நோய்க்கு மூலம், காமர்ஸ் புத்தகத்தில் நடைமுறை மூலதனம் என்று ஒரு பாடமாக வருகிறதே, அதன் பற்றாக்குறை! அண்ணாச்சி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஃபில்டரும் சல்லடையும் புதிதாக மாறின. மறுபடியும் புளியரை, மறுபடியும் கேஜ். எஸ் வளைவில் முழு ஆக்ஸிலேட்டரில் முள் மூன்றிலேயே நின்றது. டிரைவர் ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தார், அதற்கும் திட்டு வாங்கினார்.

இருப்பாய்வு பொருந்தவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமன் செய்யலாம். வகுப்பில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் பிழை அங்கேயேதான் இருக்கும், தேடிப் பிடித்துத் திருத்துகிற வரைக்கும். அந்த ஸ்க்ரூ ரெகுலேட்டரும் ஒரு அனாமத்துக் கணக்குதான். எஞ்சினையும் இஞ்செக்டரையும் மாற்றி, கம்ப்யூட்டர் கணக்கையும் திருத்தி எழுதுகிற பந்தயக்காரர்களுக்கு அது தேவைப்படலாம். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அழுத்தத்தை அளந்து, குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று தேடினால் போதும்.

அந்த டிரைவர் இப்போதும் டேங்க் நிறைப்பதில்லை. ஆனால் கால் டேங்குக்குக் கீழே முள் இறங்கினால் பங்க்கைத் தேடுகிறார். அந்தக் கால் டேங்க் பெட்ரோலைத் தன் முதலாக நினைத்துக்கொள்கிறாராம், லாபத்தில் சேர்ப்பதில்லை!